உப்புச் சட்டிக்குப் பூட்டு

விக்கிரமங்கலம் குருநாதன் நல்ல மனிதர். பிள்ளைகளைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் வராத நாட்களில் இன்னும் நல்ல மனிதர். இருக்கிற சுகத்தின் அருமை பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது அவருக்குத் தீராத மனக்குறை. தலையணை கல் மாதிரி இருக்கிறது என்று பெரியவன் முனகினால் அன்று வீட்டில் யாருக்கும் தலையணை கிடையாது. பிள்ளைகள் கையை மடித்து வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்குவார்கள். கழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர் குருநாதன்தான்.

யுத்தகாலம் அது. மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் ஊரே அல்லாடியது. அப்படியிருக்க, ஒரு காலையில் கம்பங்கூழில் உப்புக் குறைவு என்று சின்ன மகள் மலர்கொடி முகத்தைச் சுளித்தாள். போதாதா? உப்புச் சட்டி டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. சாவி குருநாதனின் அரைஞாணில் ஏறியது. இன்று முழுக்க உப்புக் கிடையாது, அந்தப் பேச்சை எடுப்பவருக்குச் சோறும் கிடையாது என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

மனைவி பச்சையம்மாள் உப்பில்லாமலே உலை வைத்தாள். அவளுக்கு வேறு ஏக்கம். அவளுடைய அண்ணன் செந்துறை சிங்காரவேலு இவருக்கு விற்ற மாடு, ஏரைக் கண்டாலே படுத்துக்கொண்டது. அதில் சண்டை முற்றி, "நான் சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று அண்ணன் துண்டை உதறிக்கொண்டு போய்ச் சில வருஷங்களாகியிருந்தன. அதோடு அவளும் பிறந்த வீட்டை மறக்க வேண்டியதாயிற்று.

அன்று மத்தியானம் அந்த அண்ணனே வந்துவிட்டார். மகனுக்குக் கல்யாணம், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வந்திருந்தார். வழியிலேயே பார்த்துவிட்ட குருநாதன் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து இலைமுன் உட்காரவைத்து, பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அவருக்குச் சாவி மறந்துபோயிற்று. அழுகையில் பச்சையம்மாளுக்கும் மறந்துபோயிற்று. பிள்ளைகளுக்கு மறக்கவில்லை, வாயைத் திறந்தால் சோறு போய்விடுமே.

முதல் கவளத்திலேயே சிங்காரவேலுவின் கை நின்றது. குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார், கீரையைத் தொட்டு வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"ரோஷங்கெட்டு வந்துட்டேன்னு எலையிலேயே காட்டிட்டீங்க மாப்ளே" என்று எழுந்தார்.

குருநாதனும் பதறி எழுந்தார். சுகத்தின் அருமை, தலையணை, கூழ் என்று என்னென்னவோ உளறினார். உப்பைப் பூட்டி வைக்கிற வீடு எங்கேயாவது உண்டா? மச்சான் நம்பவில்லை. இந்தத் தடவை அண்ணன் படியிறங்கினால் தனக்குப் பிறந்த வீடே இல்லை என்று பச்சையம்மாளுக்குத் தெரியும். வாசலை மறித்து நின்றாள்.

மலர்கொடி வாயிலிருந்த சோற்றை நிதானமாக விழுங்கினாள்.

"மாமா, காலையிலேருந்து எங்க யாருக்குமே உப்பு இல்ல. அப்பாவுக்கும் இல்ல. அதனால இன்னிக்கு இந்த வூட்ல யாருக்கும் ரோஷம் வராது. உக்காந்து சாப்புடுங்க."

சிங்காரவேலு அவளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். முதலில் மீசை ஆடியது, பிறகு வயிறும் ஆடியது. சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தவர், அந்த உப்பைக் கொஞ்சம் கண்ணில் காட்டச் சொன்னார். குருநாதன் அரக்கப்பரக்கச் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

பச்சையம்மாள் சட்டியை எடுத்துவந்தாள். ஆனால் திறக்கவில்லை, இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வெத்தல பாக்கக் குடுத்து வாங்கிக்குங்க. அப்பறந்தான் உப்பு."