கேமராவை வேறொன்று பிடித்திருக்கிறது

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. காய்கறிக்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை போட்டால்கூட, எடையில் எங்கே கை வைத்தார் என்று பார்ப்பேன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் சாம்பிள் ரூமில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். பதப்படுத்தி வரும் தோலில் நல்ல இடமாகப் பார்த்து உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அட்டையில் ஒட்டி, தோல் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டும். தோலை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருந்த சந்தேகப் புத்தி அதில் இன்னும் கூர்மையாகிவிட்டது.

அந்த அறைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்து சேர்ந்தார். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்து, அது ஓடாமல் மூடிவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில் எங்களிடம் வேலைக்கு வந்தவர். ஒவ்வொரு புதுத் தோலையும் வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். வந்தவரின் கேமரா பழசு. பின்பக்கத் திரை வேலை செய்யாது. ஆனால் அதை ஒரு வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, கீபோர்டில் ஒரு வரி தட்டுவார். ஸ்டாண்டில் நிற்கும் கேமரா, யாரும் தொடாமலே படம் எடுக்கும். படம் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

இப்படிப் படம் எடுக்க வைக்கும் சாஃப்ட்வேர் என்ன விலை என்று கேட்டேன். இலவசம் என்றார். எந்தக் கம்பெனியுடையது என்றேன். கம்பெனி எதுவும் இல்லை, பல நாட்டுக்காரர்கள் அவரவர் கேமராவுக்காக எழுதி எழுதிச் சேர்த்தது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்றார். நீங்கள் படித்தீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"எனக்கு அவ்ளோ தெரியாதுக்கா. தெரிஞ்சவங்க படிப்பாங்க."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? முகம் தெரியாத யாரோ, ஜோலார்பேட்டைக்காரரின் உடைந்த கேமராவுக்காக உட்கார்ந்து எழுதினார்களாம், காசும் வேண்டாம் என்றார்களாம். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பார்கள் நம் ஆட்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, அன்றிலிருந்து அவருடைய திரையைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஒரு காலையில் வயரைச் செருகியதும் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. கேமராவை வேறொன்று ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது, எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். யார் அந்த வேறொருவர் என்று கேட்டேன். யாரும் இல்லை, வயரைச் செருகியவுடன் இந்தக் கம்ப்யூட்டரே படங்களைத் திறந்து காட்டக் கேமராவைப் பிடித்துக்கொள்கிறது, அதை விடச் சொல்லிவிட்டுத்தான் நாம் எடுக்க முடியும் என்றார். ஏதோ தட்டினார், சரியாகிவிட்டது. இந்தக் கம்ப்யூட்டருக்கு நெட்டே கிடையாது என்றும் சொன்னார். வைஃபை கண்ணுக்குத் தெரிந்தா வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அது நடந்தது. ஒரு பையருக்காகவே கத்தரிப்பூ நிறத்தில் புதிதாக ஒரு தோல் செய்திருந்தோம். அது சந்தைக்கு வருவதற்கு முன்பே, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வேறொரு தொழிற்சாலை, இதே மாதிரி நாங்களும் செய்து தருகிறோம் என்று பையரின் ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தது. படத்தில் இருந்தது எங்கள் தோல். மேனேஜர் அதை எங்கள் எல்லோருடைய போனுக்கும் அனுப்பி, எப்படி வெளியே போனது என்று கேட்டார்.

முதலில் வாயைத் திறந்தது நான்தான். அந்த இலவச சாஃப்ட்வேர்தான் படத்தை வெளியே அனுப்புகிறது, வேறு யாரோ கேமராவைப் பிடித்திருப்பதாகத் திரையிலேயே வந்ததை நான் பார்த்தேன், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் எதையும் நம்பாதீர்கள் என்று சொன்னேன். கேமராக்காரர் எவ்வளவோ விளக்கினார். கடைசியில், "இந்த வயசுல இனிமே எங்க சார் போவேன்?" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதுவரை படம் எடுக்கும் வேலையை எனக்குக் கற்றுத்தர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அவர் முறைத்துக்கொண்டு கற்றுத்தருவார் என்று எதிர்பார்த்தேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை, பழைய படங்களைத் திறப்பது எப்படி என்று காட்டினார். நான் கத்தரிப்பூத் தோலைத் திறந்து பெரிதாக்கினேன். முழுத் தோல், கத்தி படுவதற்கு முன் எடுத்தது. இடது கால் பக்கம், ஓரத்தில் மூன்று உண்ணிக்கடித் தழும்புகள் வரிசையாக இருந்தன.

போனை எடுத்து வாட்ஸ்அப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மூன்று தழும்பு. ஆனால் அதில் இருந்தது முழுத் தோல் இல்லை, ஒரு பக்கம் பல் பல்லாக வெட்டிய சின்னத் துண்டு. பல் வைத்த கத்தரி எங்கள் அறையில் ஒன்றுதான் இருக்கிறது. அது என் மேஜையில் இருக்கிறது.

சாம்பிள் ரூமில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வெட்டியது போக மிஞ்சும் நறுக்குகளைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவோம். புது நிறத்தின் நறுக்கு வெளியே போகக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் நறுக்கைத் திருட்டு என்று கேட்டில் சோதனை போடும் பெண்கூட நினைப்பதில்லை. குறை இருக்கும் இடம் என்று நானே ஒதுக்கித் தள்ளியதை, சாவிப் பை தைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்திருந்தேன். அவள் பைகள் போவது மேல்விஷாரம் கடைக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பதினாறு வருடமாக வாரி வழங்கியிருக்கிறேன்.

அவரும் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இது நம்ம கேமரால எடுத்த படமே இல்லக்கா," என்றார். வெட்டியது யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர்லேந்து வர்ற எதையும் நம்பாதீங்கன்னு நீதானம்மா சொன்ன? படத்துல மூணு புள்ளிய வச்சி ஒங்கிட்ட காட்டியிருப்பாரு. பாவம் பாத்து பழிய ஏத்துக்கினு வந்து நிக்காத. ஏற்கெனவே ஜாஸ்தி பேஜாராக்கீது."

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அங்கிருந்தே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கம்பெனி, மேனேஜர் என்றதும் பயந்துவிட்டாள். நான் அவளுக்கு எதுவுமே கொடுத்ததில்லை என்று சத்தியம் செய்தாள். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை மாலை அவர் கேமராவைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். நான் அங்கே காத்திருந்தேன்.

"சொன்னேன். அவர் நம்பல," என்றேன்.

"பரவால்லக்கா," என்றார். அவர் பார்த்த பார்வையில் தெரிந்துவிட்டது. நான் சொல்லவே இல்லை என்று நினைக்கிறார்.