வெள்ளைக் கோழியின் கருப்புக் குஞ்சுகள்

என் மாமியார் வீட்டில் தோலின் நிறம் நிலபுலன் மாதிரி. தானும் சிவப்பு, பெற்ற பிள்ளைகளும் சிவப்பு, தேடிப்பிடித்த மருமகளும் சிவப்பு. என்னைப் பெண் பார்க்கத் திண்டுக்கல்லுக்கு வந்தபோது சமைப்பேனா, படித்திருக்கிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைப் பிடித்து, வளையலை மேலே தள்ளிவிட்டு, அதற்கு அடியில் இருந்த தோலைப் பார்த்தார். தேறிவிட்டேன்.

அந்த வீட்டில் கருப்பாக இருந்தவை கோழிகள் மட்டும்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் குறையும் தீர வழி பிறந்தது. நாட்டுச் சேவலைக் கொடுத்தால் வெள்ளை லெகார்ன் என்கிற சீமைச் சேவல் தருவதாகப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்காரர்கள் எங்கள் சேவுகம்பட்டி வட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். முட்டை நிறையக் கிடைக்கும் என்பது அவர்கள் பேச்சு. மாமியார் காதில் 'வெள்ளை' மட்டும் விழுந்தது. எங்கள் கருஞ்சேவலை முதல் ஆளாகக் கொடுத்ததோடு நிற்காமல், வீடுவீடாகப் போய்த் தெருவிலிருந்த அத்தனை கருஞ்சேவல்களையும் ஒப்படைக்க வைத்தார். சுதந்திரப் போராட்டத்தில்கூட எங்கள் தெரு அப்படி ஒற்றுமையாக இருந்திருக்காது.

வந்த துரைக்கு வெயில் ஆகவில்லை. நாளெல்லாம் நிழலில் கொண்டையைத் தொங்கப்போட்டு நிற்கும். ஆனாலும் வந்த வேலையைச் செய்தது. எங்கள் கருப்புக் கோழிகள் பொரித்த குஞ்சுகள் எல்லாம் மஞ்சளாகப் பிறந்து வெள்ளையாக வளர்ந்தன. மருந்துக்கும் ஒரு கருப்புக் குஞ்சு இல்லை.

"பாத்தியா, நல்ல ரத்தம் சேந்தா கருப்பு போன எடம் தெரியாது" என்றார் மாமியார்.

உற்றுப் பார்த்தால் அந்த வெள்ளைகளின் முதுகிலும் கழுத்திலும் மிளகு சிதறினதுபோல இரண்டொரு கருப்பு இறகு தெரிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன். "அது மண்ணு" என்று முடித்துவிட்டார்.

அடுத்த கோடையில் கழிச்சல் கண்டு லெகார்ன் போய்ச் சேர்ந்தது. அதன் மகன்களில் ஒன்று, அந்த மிளகு இறகுச் சேவல், பட்டத்துக்கு வந்தது. நான் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்க் கைக்குழந்தையோடு திரும்பினேன்.

என் மகள் நல்ல கருப்பு. மூக்கும் முழியுமாக, கீழே விட மனம் வராத பிள்ளை. மாமியார் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிள்ளை பார்க்க வந்த ஒவ்வொருத்தியிடமும், "எங்க பக்கத்துல கருப்பே கெடையாதே" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவ்வளவு நாகரிகம். மிச்சத்தை வந்தவர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டு போனார்கள். அப்போதெல்லாம் என் கணவர் வேட்டியில் ஒட்டிய நாயுருவியைக் கிள்ளிக்கொண்டிருப்பார். எந்தத் தோட்டத்தில் அவ்வளவு நாயுருவி முளைத்ததோ, தெரியாது.

அழுதேன். பால் கொடுக்கும்போதுதான் அழ நேரம் கிடைத்தது. அந்தப் பேச்சை அவர் வாயாலேயே திரும்ப வாங்கவைக்காமல் இந்த வீட்டில் நானும் என் மகளும் நிமிர்ந்து நடக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று.

அந்தச் சமயம் மாமியாரின் செல்லமான ஒரு வெள்ளைக் கோழி, லெகார்னின் மகள்களில் ஒன்று, தான் இட்ட முட்டைகளின்மேல் அடை உட்கார்ந்திருந்தது. பொரித்த அன்று கூடைக்குள் பார்த்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் குஞ்சுகளுக்கு நடுவில் இரண்டு குஞ்சுகள், அடுப்புக்கரி நிறத்தில்.

"ஏ சிறுக்கி, எங்கடி போய் மேஞ்ச?" என்று கோழியைத்தான் கேட்டார். அடுப்படி வரைக்கும் கேட்கும்படி கேட்டார். பிறகு நேரே எதிர்வீட்டுக்குப் போய், அவர்கள் சேவல்தான் காரணம் என்று சண்டை பிடித்தார்.

எதிர்வீட்டு அக்கா அசரவில்லை. "எங்க சேவலும் வெள்ளதான அத்தே? ஊருல இருந்த கருஞ்சேவ அம்புட்டையும் நீங்கதான முன்னால நின்னு ஆபீசுல குடுக்க வச்சீக? இப்ப நான் எங்க போக?"

மாமியார் திரும்பி வந்து, மிளகு இறகுச் சேவலைப் பிடித்து அதன் முதுகைத் தேய்த்துப் பார்த்தார். மண் உதிரவில்லை. பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்த அக்காவிடம் தீர்ப்பைச் சொன்னார்.

"இதோட ஆத்தாவும் கருப்பு, அந்தக் கோழியோட ஆத்தாவும் கருப்பு. உள்ளுக்குள்ள ஒளிஞ்சு கெடந்தது இப்ப வெளிய வந்துருக்கு. கோழி மேல ஒரு தப்பும் இல்ல."

ஒரு கோழியின் மானம் காப்பாற்றப்பட்டது. நான் தொட்டிலிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அத்தே, கோழிக்குச் சொன்னத, அக்கா இருக்கும்போதே இவளுக்கும் ஒருவாட்டி சொல்லிருங்க."

மாமியார் சேவலைக் கீழே விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். என் கணவர் வேட்டியைப் பார்த்தார். வீட்டுக்குள் கட்டும் வேட்டி, நாயுருவி இல்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, ஒங்கப்பா நல்ல கருப்புதான?"

"கருப்புன்னா… வெயில்ல அலைஞ்ச ஒடம்பு" என்றார் மாமியார். சொல்லிவிட்டு, அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை போலும், தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "எங்கப்பா நெறந்தான்" என்று கை நீட்டினார்.

பிள்ளையை அவரிடம் கொடுத்தேன். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. சின்ன வயதில் அந்தத் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்த என் கணவர், அதைச் சொல்லாமலே இத்தனை நாளும் என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். மாமியார் கொஞ்சி முடித்ததும் அவரும் கை நீட்டினார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.