அப்பா கெடுத்த தரை

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் காஜா பேராங்கில், எங்கள் வரிசை வீடுகளிலிருந்து போன இரண்டு பேர் திரும்பவே இல்லை. அடுத்த பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது.

அப்பா முன்பு வெள்ளைக்காரர்களின் டென்னிஸ் திடலில் புல் வெட்டி உருளை இழுத்தவர். மட்டையை ஒருநாளும் தொட்டதில்லை. ஓரத்தில் நின்று பார்த்த ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. இப்போது அந்தப் புல்லைக் கொத்திவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள்.

வயதான ஜப்பானிய அதிகாரி ஒருவர், பக்கத்து ஊரான கிளேபாங்கில் ஒரு பங்களாவின் சிமெண்டுத் தரையில் இளம் அதிகாரியோடு ஆடித் தோற்றுக்கொண்டே இருந்தார். அவர்தான் அப்பாவைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தில் மண் திடல் போடச் சொன்னார். திடல் பிடித்துப்போனால் பட்டியலில் அப்பாவின் பெயர் இருக்காது.

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னு சொல்லுவான். அந்தாளு தோத்தா பழி உங்க மேலதான்" என்றார் அம்மா.

"தோக்கும்போது பாத்துக்கலாம். நீ மண்ணக் கொட்டு."

புற்றுமண் சுமந்து கொட்டினோம். நானும் அம்மாவும் பலகையால் தட்டித் தட்டி இறுக்கி, பொங்கலுக்கு வாசல் மெழுகுவதுபோல் சாணம் மெழுகினோம். காய்ந்ததும் தரை சிமெண்டாகவே ஆகிவிட்டது. ஒரு பந்தை உருட்டிப் பார்த்தேன். நிற்காமல் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த இரண்டு அதிகாரிகளும் புதுத் திடலில் ஆட வரும் அன்று, விடிந்ததும் அப்பா மண்வாரியால் அவ்வளவையும் சுரண்டினார். தண்ணீர் தெளித்து மணலைத் தூவினார்.

"வேணாம்ப்பா! பந்து ஓடாது! உங்கள சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிருவாங்க!" காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஓடாட்டி போவுது. தள்ளுடா, சேறு படும்."

இளம் அதிகாரி அடித்த பந்து தோட்டாவைப்போல் வந்தது. தரையில் பட்டதும் வேகம் செத்து, மேலே எழும்பி நின்றது. பெரியவர் நிதானமாக நடந்துபோய்த் திருப்பி அடித்தார். இளையவரோ சிமெண்டுத் தரையில் ஓடிய பழக்கத்தில் பாய்ந்து பாய்ந்து மணலில் சறுக்கினார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பெரியவர் ஜெயித்துவிட்டார். அப்போதே பட்டியலை வாங்கி அப்பாவின் பெயரை அடித்து நீக்கினார்.

மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு மனசு ஆறவில்லை.

"பெரியவரு ரொம்பக் கெட்டிக்காரருப்பா. நீங்க கெடுத்து வச்ச தரையிலகூட ஜெயிச்சிட்டாரே!"

"ஆமாடா, கெட்டிக்காரருதான்" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

அம்மாவுக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தது அன்றுதான். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கிழங்கு தொண்டையில் சிக்கிவிட்டதென்று எண்ணி, முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.