எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு தாலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. மார்புக் கட்டியை அறுத்து எடுத்த மறுவருடமே என் மனைவிக்குத் தாங்க முடியாத முதுகுவலி. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர்.

"தாலியக் கழட்டிடும்மா. நிழல் விழுந்து எலும்ப மறைச்சிடும்" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர்.

அவள் என்னைக் காட்டி, "இது எதுருல குத்துக்கல்லாட்டம் நிக்கசொல்ல, நான் எப்டி கழட்டுவேன்?" என்றாள்.

கடைத்தெருவுக்கு ஓடி, மஞ்சள் கிழங்கும் நூலும் வாங்கிவந்து அறை வாசலிலேயே அவள் கழுத்தில் கட்டினேன். அதன் பிறகுதான் தங்கத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"ரெண்டாந்தபா கண்ணாலம் கட்டிக்கினே. ஒரு நாஸ்தாகூட போடல" என்று சிரித்தாள்.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பு கறையான் அரித்த மாதிரி இருந்தது. "பரவிடுச்சுப்பா" என்றார். நான் கட்டிய மஞ்சளைப் படத்தில் தேடினேன். அது விழவே இல்லை.

வெளியே பெஞ்சில், தாலியைத் திரும்பப் போட்டுக்கொள்ள அவள் காத்திருந்தாள்.

கதவைத் திறந்தபோது என் முகத்தில் எதைப் பார்த்தாளென்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.