ஜனவரி, பிப்ரவரித் தாள்

போன மாதம் கோவிலம்பாக்கம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. பழைய குக்கர், ஓடாத டேபிள் ஃபேன், எதற்கென்றே தெரியாமல் சேர்த்துவைத்த அட்டைப்பெட்டிகள். இவற்றுக்கெல்லாம் அடியில் என் மகளின் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடந்தது. வெள்ளைத் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, என் கையெழுத்தில் அவள் பெயர். ஒரு மூலை கிழிந்திருந்தது. அட்டையைப் பிரித்தேன். உள்பக்கம் வழவழப்பான படம்: மூடி கழற்றிய ஓர் அலுமினியப் பெட்டி, உள்ளே வரிசையாகப் பித்தளை ஸ்குரூக்கள், விளிம்பில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே ஜனவரியும் பிப்ரவரியும். ஏணியில் நின்றவர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, சாமி படமா? கண்ல ஒத்திக்கினு உள்ள வையுங்க" என்றார். சாமி படமில்லை, ஒரு கம்பெனியையே கவிழ்த்த படம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனியின் அலுவலகத்தைப் பதினொரு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். கடிதம், கோப்பு, கூட்டக் குறிப்பு எல்லாம் என் மேசை. முதலாளியை நாங்கள் எம்.டி. சார் என்போம். நல்ல மனிதர், அபாரமான மூளை. ஆனால் எதையும் மூடிவைக்கத் தெரியாது. செய்த பொருளை யார் வந்தாலும் மூடியைக் கழற்றிக் காட்டிவிடுவார். ஒருமுறை தண்ணீர் கேன் போட வந்தவர், தோளில் கேனோடு நின்றபடி பத்து நிமிடம் சாருடைய விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சூப்பர் சார், இத்த எங்க எறக்கறது?" என்று அவர் பாவமாகக் கேட்ட பிறகுதான் சார் நிறுத்தினார்.

அந்தப் பொருள் செல்போன் கோபுரத்தில் மாட்டும் ஃபில்டர். தனக்குரிய அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றை வெளியே நிறுத்துவது அதன் வேலை. நம் ஊர் வெயிலில் பெட்டி சூடேறினால் இந்த வேலை பிசகும். சார் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, உள்ளே ஒரு தடுப்பைச் சாய்வாக நிறுத்தி அதைச் சரிசெய்தார். அந்தச் சாய்வுதான் மொத்தக் கண்டுபிடிப்பும். மூடியைத் திறந்தால் யார் கண்ணிலும் படும்.

முதல் பெட்டி தயாரான சமயம் ஆயுத பூஜை வந்தது. சார் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் தொழிலாளர்கள் பெட்டிக்குப் பொட்டு வைத்ததைத் துடைக்கவில்லை. "இருக்கட்டும், அவங்க ஆசையா வெச்சது" என்றார். மறுநாள் காலண்டருக்காகப் படம் எடுக்க ஆள் வந்தபோது, மூடியைப் போட்டு எடுக்கலாமே என்று கேட்டேன். ரகசியம் என்றெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை, உள்ளே தூசி தெரியுமே என்றுதான். "மூடி போட்டா டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும்மா. என்னத்த தெரியும்?" என்றார் சார். படம் சிவகாசிக்குப் போய், இரண்டு மாதத்துக்கு ஒரு தாள் என்று ஆறு தாள் காலண்டராகத் திரும்பி வந்தது. டிசம்பர் கடைசியில் வாடிக்கையாளர், உறவினர், பங்குதாரர் எல்லாருக்கும் கொடுத்தோம். காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டது அதற்குப் பிறகு, மார்ச்சில்.

பங்குதாரர்கள் என்றால் பெரிய பணக்காரர்கள் இல்லை. சாருடைய சர்ச் ஆட்கள், கல்லூரி நண்பர்கள், ஓய்வுபெற்ற டீச்சர்கள் என்று நாற்பது பேர். பலர் போட்டது ஓய்வுக்காலப் பணம். அவர்களில் பெரிய பங்கு சாருடைய அக்கா கணவருடையது. அவர் முடிச்சூரில் இருந்த கணக்கு வாத்தியார், நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம்.

ஆறு வருடம் கழித்து வெளியூர்ப் பெரிய நிறுவனம் ஒன்று அதே சாய்வை அப்படியே தன் பெட்டியில் வைத்து விற்க ஆரம்பித்தது. சார் வழக்குப் போட்டார். அவர்கள், இது முன்பே ஊருக்குத் தெரிந்த விஷயம், இதற்குக் காப்புரிமையே செல்லாது என்றார்கள். ஆதாரம் ஒன்றும் அவர்களிடம் இல்லை. எங்கள் வக்கீல் சாரிடம், "விண்ணப்பத்துக்கு முன்னாடி இதை எங்கயாவது வெளியில காட்டினீங்களா சார்? கண்காட்சி, பேப்பர், போட்டோ?" என்று கேட்டார். "இல்லவே இல்ல" என்றார் சார். அவர் பொய் சொல்லவில்லை. காலண்டர் என்பது அவர் கணக்கில் காட்டுவதே இல்லை. குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என் பேனாதான் நின்றுவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் போய், பீரோவுக்குப் பின்னால் மிச்சமிருந்த காலண்டர் கட்டைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எரித்திருக்க வேண்டும். நல்ல வழவழப்பான தாளை எரிக்க மனம் வரவில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதம் வேறு. படம் உள்ளே போகும்படி மடித்து, மகளின் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டேன். ஒரு கம்பெனியையே காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்கு நினைப்பு.

அந்தச் செப்டம்பரில் பங்குதாரர் கூட்டம், தாம்பரத்தில் சர்ச் ஹாலில். வழக்கு நல்லபடியாகப் போகிறது என்று எல்லாரும் சமோசா தின்றுகொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். சார் எழுந்தார். வரவுசெலவு படிப்பார் என்று பார்த்தால், "ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, காலண்டர் கதையை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை சொல்லி முடித்தார். மாஸ்டர் எழுந்து, "இத்தனை வருஷம் இல்லாம இப்ப எப்படி மச்சான் ஞாபகம் வந்துச்சு? யார் சொன்னா?" என்று கேட்டார். "யாரும் சொல்லல அத்தான். தானா வந்துச்சு" என்றார் சார்.

திரும்பும் வழியில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் கார் நின்றது. முதலாளி என்றும் பார்க்காமல் பொரிந்து தள்ளினேன். யார் கேட்டார்கள், எதற்காகச் சொன்னீர்கள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று. சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அது அவங்க கம்பெனிம்மா. அவங்ககிட்டயே மறைச்சு, யாருக்காகக் காப்பாத்தறது?" என்றார். வக்கீலிடமும் சொன்னார். வக்கீல் தலையைப் பிடித்துக்கொண்டு, ஆறு வருடத்துக்கு முந்தைய காலண்டரை எவன் வைத்திருக்கப்போகிறான், தாள் கையில் இல்லாமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆறுதல் சொன்னார்.

மாஸ்டர் வைத்திருந்தார். புது வருடத்துக் காலண்டரைப் பழையதன் மேலேயே மாட்டுகிற வீடு அது. ஒரே ஆணியில் பத்து வருடக் காலண்டர்கள் தொங்கின. முடிச்சூரை மூழ்கடித்த அந்த வெள்ளத்தில் ஃபிரிட்ஜ் போனது, பீரோ போனது, மாஸ்டரின் சர்டிபிகேட்டுகள் போயின. ஆணி உயரத்தில் இருந்த காலண்டர் மட்டும் நனையவில்லை. அலட்சியத்தால் கம்பெனிக்குக் கேடு செய்தார் என்று சார்மேல் கம்பெனித் தீர்ப்பாயத்தில் பங்குதாரர்கள் போட்ட மனுவுக்கு மாஸ்டர் தலைமை தாங்கினார். காலண்டரை ஆதாரமாக இணைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அவர் வீட்டுக்கு ஓடினேன். "அதை மட்டும் வைக்காதீங்க மாஸ்டர். எதிர்க் கம்பெனிக்காரன் கையில கிடைச்சா உங்க பங்கும் சேர்ந்துதான் போகும்" என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. "ஸ்டெப் எழுதாம ஆன்சர் மட்டும் போட்டவனுக்கு நான் மார்க்கே போட்டதில்லம்மா. ஆதாரம் இல்லாம மனு போடச் சொல்றியா?"

போட்டார். எதிர்க் கம்பெனி வக்கீல் அந்த மனுவின் நகலை வாங்கி அடுத்த வாய்தாவிலேயே நீட்டினார். தேதியைப் பற்றிச் சந்தேகம் கிளப்பவும் வழியில்லை. ஜனவரி நான்காம் தேதிக் கட்டத்தில், சாருடைய அக்கா கையெழுத்தில், "சிலிண்டர் மாத்தினது" என்று எழுதியிருந்தது, மார்ச்சுக்கு முன்பே அது சுவரில் தொங்கியதற்குச் சாட்சியாக. காப்புரிமை ரத்தானது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இரண்டு வருடத்தில் கம்பெனிக்குப் பூட்டு. அதற்கும் பிறகு மாஸ்டருடைய மனு ஜெயித்தது. இயக்குநர் பொறுப்பிலிருந்து சாரை நீக்கினார்கள், மூடிக் கிடந்த கம்பெனியிலிருந்து! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் வருடா வருடம் ரகசியக் காப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் சார்மேல் கோபம் வரும். என்னைப்போல வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்பது குடும்பங்களின் பணம் தப்பியிருக்குமே என்று. அந்தக் கோபத்தோடுதான் பரணில் கிடைத்த தாளை எடுத்துக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் ஒரு பிரதிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "அஞ்சாவது ஸ்குரூ கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது பாரும்மா. அன்னிக்கு கவனிக்கல." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலிலேயே, "மிச்சமிருந்த காலண்டரையெல்லாம் நான்தான் சார் வீட்டுக்குக் கொண்டுபோய் மறைச்சேன்" என்று போட்டு உடைத்தேன்.

"தெரியும்மா" என்றார். விரல் கிழிந்த மூலையைத் தடவியது. "பாப்பா ஒருநாள் ஸ்கூல் விட்டு ஆபீசுக்கு வந்து கணக்கு போட்டுட்டு இருந்துச்சு. இந்த மூலை கிழிஞ்சு மடங்கி, உள்பக்கத்துப் பொட்டு தெரிஞ்சுது. அப்பதான் எனக்கு காலண்டர் ஞாபகமே வந்துச்சு."

சர்ச் ஹாலும், மாஸ்டரின் கேள்வியும், "தானா வந்துச்சு" என்ற பதிலும் கண்முன் வந்து நின்றன. இத்தனை வருடம் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. "ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா மறுநாள் வேலைக்கு வந்திருப்பியா?"

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. சாயங்காலமானால் டீ குடிக்கவும் சண்டை போடவும் மாஸ்டர் வந்துவிடுவார். சார் அவசரமாகத் தாளைப் படம் உள்ளே போகும்படி நான்காக மடித்து, என் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.