பணிஸுக்கு அடிக்கும் திங்கட்கிழமை

ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரில் நான் இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ஐஸ்லாந்து நாட்டுப் பெண் ஒருவர் குடியிருந்தார். ஜெர்மன்காரர் ஒருவரைக் கலியாணம் கட்டி வந்தவர். கணவர் லொறிச் சாரதி. பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதனால்தானோ என்னவோ, தன் நாட்டுப் பெருநாள் ஒன்றைக்கூட அவர் விட்டுவைப்பதில்லை. கொண்டாடுவதற்குத் துணை வேண்டுமே! கீழ்மாடியில் அகதியாக நான் ஒருவன் தனியாக அகப்பட்டேன்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அது பட்டப்பெயர் என்று நினைத்து அவரும் சந்தோஷப்பட்டார். நடுக்குளிரில் ஒரு பெருநாளுக்கு, பதப்படுத்திய சுறா கொண்டுவந்தார். கருவாட்டில் வளர்ந்த எனக்குச் சுறா என்றதும் வாய் ஊறியது. வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது, கழுவாத கழிவறையின் நெடி. "நல்லாயிருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்து தந்தார்.

சித்திரை மாதத்தில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, கதவைத் தட்டிக் கோடை வாழ்த்துச் சொன்னார். அன்றுதான் அவர்களுக்குக் கோடையின் முதல் நாளாம். அதற்கு முந்தின இரவு ஒரு கோப்பையில் தண்ணீர் வெளியே வைத்து, அது உறைந்தால் நல்ல கோடை வருமாம். உறைந்த கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். மனுசிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த வருடம் எனக்கு வாழ்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். எத்தனையோ அன்ட்ராக் படிவம் எழுதி, டெர்மின் டெர்மினாக, அவர்கள் குறித்த நாளெல்லாம் அலுவலகத்துக்கு அலைந்து கூப்பிட்டது. நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது மகள் தவழவும் தொடங்கவில்லை. இப்போது நாலு வயது. விமான நிலையத்தில் தூக்கப் போனேன். தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

குறை அவளுடையதல்ல. அவளுக்கு அப்பா என்றால் ஒரு படம். படுக்கப் போகுமுன் கொஞ்சச் சொல்லி ஊரில் தாய் பழக்கிய, மீசை வைத்த படம். அந்தப் படத்தையும் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். நான் பக்கத்தில் உயிரோடு இருக்க, அவள் படத்தைக் கொஞ்சிவிட்டுப் படுப்பாள். என் படத்தின் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. என்னை அவள் மாமா என்றாள். ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தாயிடம் இரகசியமாகக் கேட்டாள்: "அம்மா, இந்த மாமா எப்ப தன்ர வீட்டை போவார்?"

மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "விடு, தானா வரட்டும்" என்று நான் பெருந்தன்மையாகச் சொல்வேன். உள்ளே நெஞ்சு வெந்துகொண்டிருக்கும்.

மார்கழியில் அக்கா தன் ஊர்க் கதைகளில் வரும் பதின்மூன்று குறும்புக்காரரை இறக்கினார். நத்தார்ப் பெருநாளுக்கு முன் ஒவ்வோர் இரவும் ஒருவர் மலையிலிருந்து வந்து, யன்னலில் வைத்த சப்பாத்துக்குள் ஏதாவது போட்டுவிட்டுப் போவாராம். மகளும் சப்பாத்தை வைத்தாள். விடிய முன் எழும்பித் தோடம்பழமும் சொக்லேட்டும் வைத்தவன் நான். யன்னலில் மூக்கை வைத்து அவள் நன்றி சொன்னதெல்லாம் மலைக்காரருக்கு.

பிறகு மாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம். அக்கா ஒரு தடியோடு வந்தார். நுனியில் வண்ணக் கடதாசி கட்டிய, பூங்கொத்துப் போன்ற தடி. மறுநாள் திங்கட்கிழமை அவர்களுக்குப் பணிஸ் நாளாம், பன் தின்னும் நாள். பிள்ளைகள் காலையில் எழும்பி, படுக்கையில் கிடக்கும் தாய் தகப்பனுக்குத் தடியால் அடிக்க வேண்டும். ஓர் அடிக்கு ஒரு கிறீம் பணிஸ். தாய் தகப்பன் எழும்பிவிட்டால் அதோடு சரி. ஒரு தட்டு நிறையப் பணிஸும் கொண்டுவந்திருந்தார்.

அக்கா ஜெர்மன் மொழியில் சொல்ல, நான் தமிழில் மகளுக்குச் சொன்னேன். மனைவிக்கு முகம் மாறிவிட்டது.

"பெத்த தகப்பனுக்குத் தடி ஓங்கிறதோ? இதென்ன பழக்கமப்பா?"

மகள் தட்டையும் தடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாயின் காதுக்குள், எனக்கும் கேட்கும்படி கேட்டாள்: "மாமாவுக்கும் அடிக்கலாமோ?"

"என்ன கேக்கிறா?" என்றார் அக்கா.

அப்படியே ஜெர்மனில் சொன்னேன். "மாமாவுக்கும் அடிக்கலாமோ என்று கேக்கிறா."

"இல்லை, இல்லை!" அக்கா சிரித்தார். "மாமாவுக்கு ஏலாது. சொந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான். அதுசரி, எந்த மாமா?"

"ஊரில ஒரு மாமா" என்று ஜெர்மனில் சமாளித்தேன். அந்த மறுமொழியையும் மகளுக்கு நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மாமாவுக்கு அடிக்க ஏலாது, அப்பாவுக்கு மட்டும்தான் என்று என் வாயாலேயே சொன்னேன். மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். தடி வேண்டாம் என்று பிறகு அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

திங்கள் காலை எனக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. விழித்தபடியே கண்ணை மூடிக் கிடந்தேன். எதிர்பார்த்தேன் என்றாலும் பொய், எதிர்பார்க்கவில்லை என்றாலும் பொய். அந்தப் பக்கம் மனைவிக்கு அடி விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெறுங்காலால் யாரோ கட்டிலைச் சுற்றி வருவது கேட்டது. கடதாசி சரசரத்தது. என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். நெடுநேரம் நின்றாள். மனைவி ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது.

போர்வைக்கு மேல், என் பாதத்தில் ஓர் அடி விழுந்தது. பட்டதும் படாததுமாக ஒன்று. நான் அசையவில்லை. அடுத்தது முழங்காலில், கொஞ்சம் பலமாக. பிறகு தோளில், முதுகில், சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்கி வாங்கி அடித்தாள். கண்ணைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

"இஞ்சேருங்கோ, நேரமாச்சு. எழும்புங்கோ" என்றாள் மனைவி. "தட்டில இருக்கிற பணிஸுக்கு மேலால அடிச்சிட்டாள்."

"அடிக்கட்டும்" என்றேன். எழும்பவில்லை.