றோசலின் அக்காவுக்கு எந்த ஆபரேசன்

வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருக்கிறவங்க றோசலின் அக்கா. நானும் அவங்களும் ஒரே மலையில்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறோம். கோயிலிலும் ஒரே வாங்குப் பலகையில்தான் இருப்போம். கொஞ்ச காலமாக அவங்களுக்கு முழந்தாள் போட ஏலாது. உடம்பு அவ்வளவு பாரமாகிவிட்டது. சீனி வருத்தம் வேறு. ராவில் படுத்தால் நெஞ்செரிச்சல் தொண்டை வரைக்கும் வரும். எழும்பி உட்கார்ந்து மாதாவைக் கூப்பிடுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

பெரிய ஆஸ்பத்திரி டொக்டர், உடம்பைக் குறைக்க ஆபரேசன் செய்தால்தான் சீனி அடங்கும் என்று சொல்லிவிட்டார். ஆபரேசனில் இரண்டு விதம் இருக்கிறதாம். ஒன்று, இரைப்பையில் பெரும் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சின்னப் பையாகத் தைக்கிறது. மற்றது, மேலே ஒரு குட்டிப் பை வைத்து, குடலைக் கொண்டுவந்து அதில் சேர்க்கிறது. இந்த இரண்டாவதைச் செய்தால் சீனி நல்லா இறங்கும், ஆனால் சாகும் வரைக்கும் சத்துக் குளிசை போடணும். இனிப்புத் தின்றால் மயக்கம் வரும், வயிறு பிடுங்கிக்கொண்டு போகும், கொஞ்ச நாளைக்கு அடக்கவே முடியாது. அடுத்த கிளினிக்குக்கு வரும்போது எது வேணும் என்று நீங்களே சொல்லுங்க என்றார்.

அக்காவிடம் இது வேணுமா அது வேணுமா என்று அதுவரை யாருமே கேட்டதில்லை. கல்யாணத்தை அப்பா முடித்தார். எந்த மலை, எந்த நிரை என்பதைக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் கங்காணி சொல்லுவார். இப்போது வயிற்றை எப்படி வெட்டுவது என்று அவங்களே சொல்ல வேண்டுமாம்.

"சின்னப் பையே போதும்டி," என்று கொழுந்து எடுத்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாங்க.

"சீனிக்கு மற்றதுதானே நல்லதுன்னாங்க?"

"நல்லதுதான். வயிறு பிடுங்கினா நான் எங்கடி ஓடுவேன்?"

மலையில் கக்கூஸ் கிடையாது. மேல் நிரையில் நின்றால் லயத்துக்கு இறங்கி ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடும். அவசரம் என்றால் தேயிலைச் செடிக்குப் பின்னால் போவோம், ஒருத்தி காவல் நிற்பாள். ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். தினமும் என்றால்? வேலையை விடவும் முடியாது. அக்கா புருஷன் டக்ளஸ் அண்ணன் செத்துப்போன பிறகு அந்த வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்திருக்கிறது அக்கா ஒருத்திக்குத்தான். வேலை நின்றால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள்.

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். சிங்களத்தில் பேச, அக்கா மகளைக் கட்டின மருமகன் ஜெரோஷன் வந்தார். பஸ்ஸில் போகும்போதே நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனேன்.

"எது வேணும்னு கேக்கிறார், அத்தை," என்றார் மருமகன்.

"சின்னப் பை, தம்பி."

டொக்டர் புருவத்தைச் சுருக்கி ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு நெஞ்செரிச்சலும் இருக்கு, சின்னப் பையில எரிச்சல் கூடிப்போகும்ங்கிறார். ஏன் மற்றது வேணாம்னு கேக்கிறார்."

அக்கா என்னைப் பார்த்தாங்க. பிறகு சீலை முந்தானையைப் பார்த்தாங்க. மருமகன் முன்னால் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? அவர் வந்தால் அக்கா எழும்பி நிற்பாங்க, அவர் சாப்பிட்டு முடிக்காமல் தான் சாப்பிட மாட்டாங்க.

"சும்மாதான் தம்பி."

"சும்மான்னா நான் எப்படிச் சொல்றது, அத்தை? குளிசைக்குப் பயமா?"

"ஆமா, குளிசைதான்."

மருமகன் அதையே சொன்னார். டொக்டர் சிரித்துவிட்டு, குளிசைக்குப் பயப்பட வேண்டாம், குடல் ஆபரேசனையே எழுதுகிறேன் என்றார். அக்கா வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாங்க. மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை.

நிறை பார்க்க நர்ஸ் மிஸ் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள். நானும் போனேன். தராசில் ஏறிய அக்கா இறங்கவில்லை. மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைத்தெருவில் பழகிய சிங்களத்தில், "மிஸ், தே வத்தே வெசிகிலி நே," என்றாங்க. தேயிலை மலையில் கக்கூஸ் இல்லை என்று. சொன்னதும் அழுதுவிட்டாங்க.

மிஸ் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. வெளியே போய் டொக்டரிடம் அப்படியே சொல்லிவிட்டாள். மருமகனுக்கும் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டொக்டர் இந்த முறை மெதுவாகப் பேசினார், மருமகன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இனிப்பை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் வயிறு பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் முதல் சில மாதத்துக்கு உறுதி சொல்ல முடியாது. சின்னப் பை செய்தால் எரிச்சல் கூடி, இதையே மறுபடி செய்ய வேண்டி வரலாம். "மலையில கக்கூஸ் கட்ட என்னால ஏலாதே அம்மா," என்றார்.

"அப்படின்னா குடலையே மாத்தச் சொல்லுங்க, தம்பி," என்றாங்க அக்கா.

திரும்பி வரும்போது மருமகன் கேட்டார். "இதை என்கிட்ட ஏன் சொல்லல, அத்தை?"

"எப்படித் தம்பி சொல்றது?"



மறுநாள் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் அக்கா கங்காணி ஆண்டியப்பனிடம் போனாங்க. "ஆபரேசன் முடிஞ்சு வந்தா எனக்குக் கீழ் நிரை வேணும். லயத்துப் பக்கம்."

"ஏன், ஏற மூச்சு வாங்குதோ?"

"வயிறு பிடுங்குமாம். கக்கூசுக்கு ஓடணும்."

வரிசையில் நின்ற அழகம்மா களுக்கென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

கங்காணி காதைச் சொறிந்தார். "நான் என்ன சொல்றது? தொரைகிட்டத்தான் கேக்கணும். உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. முதல்ல வெட்டிக்கிட்டு வா, பாப்போம்."

அன்றைக்கு எங்களுக்கு மேல் நிரைதான் விழுந்தது. அக்கா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாங்க. "அக்கா, யோசிச்சுப் பாருங்க, இன்னும் நாள் இருக்கு," என்றேன்.

"யோசிக்க இன்னொரு வழி இருந்தாத்தானேடி," என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாங்க.